பாண் பிழையா?



சில ஆண்டுகளுக்கு முன், இங்கே ஜொகூரில், ஆண்டு நான்கு மாணவி ஒருத்தியின் கட்டுரை ஏட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘அம்மம்மா காலையில் பாண் வாங்கி வந்தார்’ என்று எழுதியிருந்தாள். ‘பாண்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே ‘ரொட்டி’ என்று எழுதினேன். அதோடு நின்றேனா? பாண் என்றால் பாட்டு, அதைப் பாடியவர் பாணர், பாட்டைக் கடையில் வாங்க முடியுமா என்று வகுப்பிலேயே கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் தலைகுனிந்தாள்.

மறுவாரம் அவளுடைய அம்மம்மா பள்ளிக்கு வந்தார். யாழ்ப்பாண வழியினர். சினந்து பேசவில்லை. “தம்பி, எங்கட வீட்டில அதைப் பாண் எண்டுதான் சொல்லுறது. பிள்ளை இப்ப வீட்டிலயும் அந்தச் சொல்லைச் சொல்லப் பயப்படுது” என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அச்சொல்லின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

போர்த்துகீசியர் 1505இல் இலங்கைக்கு வந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அவர்கள் மொழியில் ரொட்டிக்குரிய சொல்லே இலங்கையில் பாண் ஆயிற்று. அதே சொல்தான் மும்பையில் ‘பாவ்’ என்றும் சப்பானில் ‘பான்’ என்றும் வழங்குகிறது. ‘விசுக்கோத்து’ என்பதும் அவர்கள் தந்ததே. ஆங்கிலேயர் ஆட்சியில் இரயில்வே பணிக்கும் அரசாங்க வேலைக்கும் மலாயாவுக்கு வந்த யாழ்ப்பாணத்தார், தங்கள் பெட்டிகளோடு இச்சொற்களையும் கொண்டுவந்தனர்.

சரி, நான் திருத்தி எழுதிய ‘ரொட்டி’ மட்டும் தூய தமிழா? அதுவும் வடக்கிலிருந்து வந்த விருந்தாளிதான். மலாய்க்காரரும் அதையே ‘ரோத்தி’ என்கின்றனர். ஜொகூர் பாருவில் 1919 முதல் விறகடுப்பில் ரொட்டி சுட்டுப் பெயர்பெற்ற ஹியாப் ஜூ கடையைப் பலரும் அறிவீர்கள். அத்தகைய கடையில் வாங்கிய ரொட்டியில் நம் மலாய் நண்பர்கள் தடவும் ‘மெந்தெகா’ என்ற வெண்ணெயும் போர்த்துகீசியச் சொல்லே. ஒரு விருந்தாளியைத் துரத்திவிட்டு இன்னொரு விருந்தாளியை அமர்த்தியதுதான் நான் செய்த திருத்தம்!

ஆங்கிலத்தைப் பாருங்கள். பிரிட்டனில் ‘பிஸ்கட்’ எனப்படுவது அமெரிக்காவில் ‘குக்கீ’. அமெரிக்கர் ‘பிஸ்கட்’ என்றால், அது பிரிட்டனின் ‘ஸ்கோன்’ போன்ற மென்மையான பண்டம். ‘குக்கீ’ டச்சுச் சொல். இன்றைய நியூயார்க் 1664 வரை டச்சுக்காரர் கையில் இருந்ததன் அடையாளம். அதே டச்சுக்காரர் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தனர். அவர்களுடைய அதே சொல் சிங்களத்தில் ‘கொக்கிஸ்’ ஆயிற்று. கொக்கிஸ் எது தெரியுமா? தீபாவளிக்கு நம் வீடுகளில் சுடும் அச்சு முறுக்குதான்! அமெரிக்கக் குக்கீயும் இலங்கைக் கொக்கிஸும் பெயரளவில் உடன்பிறப்புகள்.

பிஸ்கட், குக்கீ இரண்டையும் சரியென ஏற்கும் நாம், நம் பிள்ளை ‘பாண்’ என்றால் மட்டும் பிழை என்கிறோம். ஒரே மொழி பல ஊர்களில் வாழ்ந்தால் ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் அமைவது இயல்பு. அது ஆங்கிலத்திற்குப் பெருமையானால் தமிழுக்கு மட்டும் எப்படிக் குறையாகும்?

மறுநாள் வகுப்பில் அம்மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். கரும்பலகையில் பாண், ரொட்டி இரண்டையும் அருகருகே எழுதி, இந்தக் கதையைச் சொன்னேன். எல்லாரும் படிக்கும் கட்டுரையில் இங்கே பலரும் அறிந்த ‘ரொட்டி’யை எழுதப் பழகுவது நல்லது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் வீட்டுச் சொல் பிழையன்று என்றேன். அவள் கையை உயர்த்தி, “ஐயா, விசுக்கோத்தையும் எழுதுங்கள்” என்றாள். எழுதினேன்.

ஆசிரியர்களே, அறியாத சொல்லைக் கண்டால் சிவப்பு மையை எடுக்குமுன், “இதை யார் உனக்குச் சொன்னார்?” என்று ஒருமுறை கேளுங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டுச் சொற்களைப் பிள்ளைகளிடம் தயங்காமல் பேசுங்கள். நான் ஒரே ஒரு வட்டத்தால் ஒரு குடும்பத்தின் நானூறு ஆண்டு வரலாற்றை அடிக்கப் பார்த்தேன்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியன்