எஜமானரின் குரல்

1899-ம் ஆண்டு. லண்டனில் பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு விற்க முடியாமல் அல்லாடிக்கொண்டிருந்தார். படத்தில் ஒரு நாய். பெயர் நிப்பர். பாட்டுப் பெட்டியின் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து உன்னிப்பாகக் கேட்கிறது. படத்தைக் காட்டியபோது ஒரு கம்பெனி, ‘நாயெல்லாம் பாட்டுப் பெட்டி கேட்காது’ என்று திருப்பி அனுப்பிவிட்டதாகக் கதை உண்டு!

கடைசியில் கிராமபோன் கம்பெனி ஒரு நிபந்தனையோடு வாங்கிக்கொண்டது. ‘எடிசன் பாணி சிலிண்டர் பெட்டியை அழித்துவிட்டு எங்கள் கிராமபோனை வரைந்து கொடுங்கள்.’ வரைந்து கொடுத்தார். படத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு. தாத்தா வீட்டு இசைத்தட்டுகளின் நடுவில் சுற்றிச் சுற்றி வந்ததே, அந்த ஹெச்.எம்.வி. நாய் பிறந்த கதை இதுதான். ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’. எஜமானரின் குரல்!

பெட்டி பேசும், நாய் கேட்கும். இதுதான் அன்றைய ஏற்பாடு. இப்போது கதை தலைகீழ். நாம் பேசுகிறோம்... பெட்டி கேட்கிறது!

இந்தத் தலைகீழ் மாற்றத்திலும் முதலில் வந்தது ஒரு நாய்தான் என்றால் நம்புவீர்களா? 1920-களில் அமெரிக்காவில் ‘ரேடியோ ரெக்ஸ்’ என்று ஒரு பொம்மை வந்தது. சின்ன வீட்டுக்குள் சின்ன நாய். ‘ரெக்ஸ்’ என்று கூப்பிட்டால் துள்ளி வெளியே வரும். மந்திரமெல்லாம் இல்லை. நாயைப் பின்னால் ஒரு மின்காந்தம் பிடித்துவைத்திருக்கும். ‘ரெக்ஸ்’ என்பதில் வருகிற ‘எ’ ஓசையில் விநாடிக்குச் சுமார் 500 அதிர்வுகள் பலமாக இருக்கும். அந்த அதிர்வு பட்டதும் மின்சாரம் அறுந்து, ஸ்பிரிங் நாயை உதைத்துத் தள்ளும். அவ்வளவுதான். இதில் இரண்டு தமாஷ். ஒன்று, அந்த ஓசை இருக்கிற வேறு எந்த வார்த்தைக்கும் ரெக்ஸ் ஓடிவரும். இரண்டு, பெரிய ஆண்களின் குரலுக்குத்தான் ஒழுங்காகக் கட்டுப்படும். குழந்தை கத்தினால் உள்ளேயே இருந்துவிடும். குழந்தைக்குக் கட்டுப்படாத குழந்தைகள் பொம்மை!

அப்புறம் விஞ்ஞானிகள் சும்மா இருப்பார்களா? 1952-ல் பெல் ஆய்வகம் ‘ஆட்ரி’யை உருவாக்கியது. எண்களை மட்டும் புரிந்துகொள்ளும், அதுவும் பழகிய குரலில் சொன்னால். 1962-ல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐ.பி.எம். காட்டிய ‘ஷூபாக்ஸ்’ 16 வார்த்தைகள் வரை தேறியது. 2011-ல் ஆப்பிளின் ‘சிரி’ ஐபோனுக்குள் புகுந்தாள். 2014-ல் அமேசான் ‘எக்கோ’ என்ற உருளையை வரவேற்பறைக்குள் கொண்டுவந்து வைத்தது.

2018 பிப்ரவரியில் வந்தது ஆப்பிளின் ‘ஹோம்பாட்’. விலை 349 டாலர். எக்கோவைப் போல ஏதோ பாடினால் போதும் என்று செய்ததல்ல. வலை போர்த்திய அந்த உருண்டைக்குள் ஒரு பெரிய ஸ்பீக்கர், சுற்றிலும் ஏழு சின்ன ஸ்பீக்கர்கள், ஆறு மைக்குகள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை அதுவே கேட்டு, தான் அறையின் மூலையில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்று புரிந்துகொண்டு பாட்டைச் சரிசெய்துகொள்ளும்.

சரி, இப்படி ஒன்றை வாங்கலாமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கும் சரித்திரத்தில் ஒரு பாடம் இருக்கிறது.

எடிசன் 1915 முதல் ஊர் ஊராக ஒரு பரீட்சை நடத்தினார். மேடையில் பாடகி, பக்கத்தில் அவருடைய பாட்டுப் பெட்டி. இருவரும் சேர்ந்து பாடுவார்கள். திடீரென்று விளக்கு அணையும். பாட்டு மட்டும் தொடரும். விளக்கு வந்தால்... பாடகியைக் காணோம்! பாடிக்கொண்டிருந்தது பெட்டி. 1916-ல் நியூயார்க் கார்னகி ஹாலிலேயே இது நடந்தது. ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். ரகசியம் பல வருஷம் கழித்து வெளிவந்தது. அந்த மேடைகளில் பாடிய ஆனா கேஸ், பெட்டியின் சத்தத்துக்குத் தகுந்த மாதிரி தன் குரலைத் தணித்துப் பாடியதாக ஒப்புக்கொண்டார். அதாவது, பெட்டி மனிதரைப் போலப் பாடவில்லை. மனிதர்தான் பெட்டியைப் போலப் பாடினார்!

ஆகவே விற்பவர் நடத்தும் பரீட்சையை நம்பாதீர்கள். ஹோம்பாட் வந்தபோதும் முதல் சுற்றில் பலர் அதன் ஒலியில் சொக்கிப்போனார்கள். ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ பத்திரிகை தன் சோதனை அறையில் வைத்துக் கேட்டுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சோனோஸ் ஒன்னும் கூகுள் ஹோம் மேக்ஸும் இதைவிட மேல் என்றது. ‘லூப் வென்சர்ஸ்’ நிறுவனம் 782 கேள்விகள் கேட்டதில் சிரி சரியாகச் சொன்னது பாதிக்குக் கொஞ்சம் அதிகம். போதாததற்கு, மர மேஜையில் வைத்தால் அடியில் வெள்ளையாக வட்டம் விழுந்தது. சில மரப் பரப்புகளில் அப்படி ஆவது சகஜம்தான் என்றது ஆப்பிள். 2021-ல் அந்த மாடலையே நிறுத்தினார்கள். 2023-ல் 299 டாலருக்கு மறுபடி வந்தது. சின்ன ஸ்பீக்கர்கள் ஏழு ஐந்தாகவும், மைக்குகள் ஆறு நாலாகவும் குறைந்திருந்தன.

ஆனால் இசையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2019-ல் லண்டன் ‘கார்டியன்’ நாளிதழ் ஒரு குண்டைப் போட்டது. சிரி எவ்வளவு சரியாகப் புரிந்துகொள்கிறாள் என்று பார்ப்பதற்காக, ஜனங்கள் பேசிய பதிவுகளில் ஒரு சிறு பகுதியை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடாமலே அவள் விழித்துக்கொண்ட நேரங்களும் அதில் அடக்கம். டாக்டரிடம் சொன்னது, படுக்கையறையில் பேசியது எல்லாம் அவர்கள் காதில் விழுந்தது. ‘ஜிப்’ இழுக்கும் சத்தம்கூட அவளை எழுப்பிவிடுமாம்! எந்த ‘எ’ கேட்டாலும் துள்ளி வந்த ரெக்ஸ் ஞாபகம் வருகிறதா? ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, சம்மதித்தவர்கள் பதிவை மட்டுமே இனி கேட்போம் என்று முறையை மாற்றியது. இது தொடர்பான வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலே 9.5 கோடி டாலர் தருவதாக 2025 ஜனவரியில் சமரசத்துக்கு வந்தது. அதே வருஷம் மார்ச்சில் அமேசான், குரல் பதிவை வெளியே அனுப்பாமல் வைத்துக்கொள்ளச் சில எக்கோக்களில் இருந்த வசதியை எடுத்துவிட்டது. நீங்கள் காசு கொடுத்து வாங்கி, உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற பெட்டி. அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முடிவெடுப்பது வேறு ஊரில் இருக்கிற யாரோ!

எடிசனின் பெட்டியை இன்றைக்கும் சாவி கொடுத்தால் பாடும். ஹோம்பாடுக்கு ஆரம்பித்துவைக்கவே ஐபோனோ ஐபேடோ வேண்டும். பழைய பிளேயரிலிருந்து ஒரு ஒயர் செருகக்கூட அதில் துளை கிடையாது. கம்பெனி கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பண்ணத்தான் வேண்டும்.

அதனால், வாங்கவே கூடாது என்பதில்லை. கடையில் கேட்காமல், முடிந்தால் யார் வீட்டிலாவது உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். மைக்கை எப்படி அணைப்பது, பதிவுகளை எப்படி அழிப்பது என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். படுக்கையறைக்கு அது வேண்டாம்.

நிப்பர் கேட்ட எதையும் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. அந்த நன்றி நாய்க்கு மட்டும்தான் உண்டு!