ராஜபாளையம் நாய்: வெள்ளை நிறமும் கேட்காத காதும்

2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய ஆட்டுநாய், ராம்பூர், முதோல், அப்புறம் நம்ம ராஜபாளையம். இன்றைக்கும் ராஜபாளையம்னு சொன்னா பால் வெள்ளை உடம்பும் ரோஸ் நிற மூக்கும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். பாளையக்காரர் காலத்துக் கதைகளை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதற்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது இந்த வெள்ளையின் கதை.

அந்த வெள்ளை தானாக நிலைத்தது இல்லை. ஒரே ஈத்தில் செவலைக் குட்டியும் திட்டுப் போட்ட குட்டியும் பிறக்கும். அவற்றை ஒதுக்கிவிடுவார்கள், பிறந்ததுமே கொன்றுவிடும் வழக்கமும் இருந்தது. மிஞ்சிய வெள்ளையை வெள்ளையோடு, பெரும்பாலும் சொந்தத்துக்குள்ளேயே சேர்த்தார்கள்.

இதில்தான் சிக்கல். தோலுக்கு நிறம் கொடுக்கிற அதே வகை செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அவை அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் செத்துவிடும். ராஜபாளையத்தில் செவிட்டு நாய்கள் அதிகம் என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். டால்மேஷனுக்கும் இதே கதை. அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தவற்றில் சுமார் 8% நாய்களுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை, சுமார் 22% நாய்களுக்கு ஒரு காது கேட்கவில்லை.

அந்த 22% தான் என்னை யோசிக்க வைத்தது. எங்கள் வீட்டு ராஜபாளையம் பெட்டைக்கு மூன்று வயது. சரவணம்பட்டியில் எங்க தெருவிலேயே நாலு பேர் குட்டி கேட்டாச்சு. கூப்பிட்டா வருது, கேட் சத்தம் கேட்டா குரைக்குது, அப்புறம் என்னங்க சோதனைங்கறாங்க. ஒரு காது மட்டும் கேட்கிற நாயும் இதையெல்லாம் செய்யும். கைதட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் அந்தக் குறை குட்டிகளுக்குப் போகும். தலையில் மெல்லிய மின்முனைகளை வைத்து ஒவ்வொரு காதையும் தனித்தனியாகப் பார்க்கும் 'பேர்' சோதனைதான் ஒரே வழி.

காங்கேயம் மாட்டோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாசம் வாக்கில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். பிறந்த அன்று நிறம் பார்த்துக் கழிக்க அங்கே வழியே இல்லை. பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தை பேர் வாங்கியதும் நிறத்துக்காக இல்லை. ஏரும் கவலையும் இழுக்கிற காளைகளுக்காக.

நாய் விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்கு 2017-ல் மத்திய அரசு விதிகள் போட்டது. பெட்டைக்குப் பதினெட்டு மாசம் முடிந்திருக்கணும், எட்டு வயசைத் தாண்டக் கூடாது, ஆயுளுக்கு ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. எனக்கு விற்கிற எண்ணம் இல்லை, ஆனாலும் இதை அப்படியே எடுத்துக்கொண்டேன். காது சோதனையையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு காது கேட்கவில்லை என்றாலும் கருத்தடைதான். ஆண் நாய்க்கும் அதே சோதனை, அது வெள்ளையாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

குட்டி கேட்ட நாலு பேரிடமும் "செவலையோ திட்டோ பிறந்தா எடுத்துக்குவீங்களா?"ன்னு கேட்டுவிட்டேன். மூணு பேர் யோசிச்சுச் சொல்றேன்னு போய்ட்டாங்க.