ஒரு பேரினம் ஏழான வரலாறு

ஆஸ்திரேலியாவிலும் நியூகினியாவிலும் பரவியுள்ள தேனுண்ணிப் பறவைகள் மெலிஃபாகிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழகத் தோட்டங்களில் காணும் தேன்சிட்டுகளின் குடும்பம் வேறு. பூந்தேனை நாடும் வாழ்வே இரண்டையும் ஒத்திருக்கச் செய்தது.

இக்குடும்பத்தின் லைக்கெனோஸ்டோமஸ் என்ற பேரினத்துக்கு 1851இல் ஜெர்மானிய அறிஞர் கபானிஸ் பெயரிட்டார். பெரும்பாலும் முகத்தில் மஞ்சள் தீற்றலும் மங்கிய பச்சை உடலும் கொண்ட 20 இனங்கள் பிற்காலத்தில் அதில் அடங்கின. தோற்ற ஒற்றுமையே அவற்றைச் சேர்த்துவைத்தது. அந்த ஒற்றுமை ஏமாற்றியது.

2011இல் ஆய்வாளர்கள் ஆர்பாத் நியாரி, லியோ ஜோசப் இருவரும் மரபணுக்களை ஒப்பிட்டு, இவை ஒரே மூதாதையின் தனி வழித்தோன்றல்கள் அல்ல என்று காட்டினர். பேரினம் ஏழாகப் பிரிந்தது. டிலோட்டுலா, காவிகாலிஸ் போன்ற முன்பே இருந்த பெயர்கள் பயன்பாட்டுக்கு வந்தன. முந்திய பெயர் இருந்தால் அதையே ஏற்க வேண்டும் என்பது விலங்கியல் பெயரிடல் விதி.

தகுந்த பழைய பெயர் இல்லாத ஒரு கிளைக்கு மட்டும் போலெமோரியஸ் என்ற புதுப்பெயர் பிறந்தது. போல்ஸ், லாங்மோர் என்னும் இரு ஆய்வாளர்களின் பெயர்களை இணைத்த சொல் அது. மிகப் பொருத்தமான மரியாதை இது. குவீன்ஸ்லாந்தின் யூன்கெல்லா மலைக்காட்டுத் தேனுண்ணியைத் தனி இனமென 1983இல் விவரித்தவர்கள் அவர்களே. அப்பறவையும் இக்கிளையைச் சேர்ந்தது. அதன் இனப்பெயரோ பறவையியலர் கீத் ஹிண்ட்வுட்டை நினைவுகூர்கிறது.

லைக்கெனோஸ்டோமஸில் இன்று எஞ்சியவை இரண்டே இனங்கள். அவற்றில் ஒன்றின் துணையினமான தலைக்கவசத் தேனுண்ணி விக்டோரியா மாநிலத்தின் அடையாளப் பறவை. அழிவின் விளிம்பில் இருப்பது.