குறியெதிர்ப்பை: பக்கத்து வீட்டுக் கடனைத் திருப்பிக் கேட்பது பற்றி

வங்கிக் கடனுக்கு நோட்டீஸ் வரும், தண்டல் கடனுக்கு வாசலில் ஆள் வந்து நிற்பார். ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த ஒரு டம்ளர் சர்க்கரைக்கோ, மாசக் கடைசியில் கைமாற்றாகத் தந்த 500 ரூபாய்க்கோ என்ன வழி? நம்ம பணத்தை நாமே கேட்கப் போனாலும் ஏதோ பிச்சை கேட்கிற மாதிரி நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்டால் உறவு போகும், கேட்காவிட்டால் பணம் போகும். இந்தச் சங்கடத்துக்கு ஒரு வரலாறு உண்டா என்று தேடியபோது சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

தமிழில் இந்தக் குட்டிக் கடனுக்குத் தனியாகவே ஒரு பழைய சொல் இருக்கிறது: குறியெதிர்ப்பை. ஒரு பொருளை அளவு குறித்து வாங்கி, பிறகு அதே அளவு, அதே பொருளைத் திருப்பிக் கொடுப்பது. இதில் வட்டி கிடையாது, எழுத்தும் கிடையாது.

இந்தச் சொல் புறநானூற்றின் 163-ஆம் பாட்டில் வருகிறது. முதிரமலைத் தலைவன் குமணனிடம் பெரும் பரிசு பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார், மனைவியிடம் பேசுகிற பாட்டு. யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே போடுகிறார். உன்னை விரும்புகிறவர்கள், நீ விரும்புகிறவர்கள், உன் உறவில் மூத்த பெண்கள் என்று போய், குடும்பத்தின் கடும்பசி தீர உனக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும் கொடு என்கிறார். என்னைக் கலந்துகொள்ள வேண்டாம், சேர்த்து வைத்து வாழலாம் என்றும் நினைக்காதே என்கிறார்.

இதைப் பலரும் புலவரின் தாராள மனசுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்குப் பட்டது வேறு. கடன் வாங்கியது அந்த அம்மாதான். புலவர் ஊர் ஊராகப் பரிசில் தேடிப் போனபோது அடுப்பு எரிந்தது அக்கம்பக்கத்துப் பெண்கள் அளந்து கொடுத்த தானியத்தால். அந்தக் கடனுக்குப் பாட்டு தருகிற அடைமொழி ‘நெடும்’. அதாவது நாள்பட்டுப்போன பாக்கி. அதைக் கொடுத்தவர்கள் வந்து கேட்டதாகப் பாட்டில் ஒரு வார்த்தையும் இல்லை. பொருள் வந்ததும் அவர்கள் ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

அதே தொகுப்பில் 333-ஆம் பாட்டு இதன் மறுபக்கம். வீட்டில் இருந்த வரகும் தினையும் இரந்து வந்தவர்களுக்குக் கொடுத்தே தீர்ந்துபோயிற்று. பிறகும் விருந்து வருகிறது. குறியெதிர்ப்பை கேட்டும் கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்காரி விதைக்காகக் காயவைத்திருந்த தினையை எடுத்து உரலில் போடுகிறாள். விதைத் தினையில் கை வைப்பது என்றால் அடுத்த வருஷச் சாப்பாட்டில் கை வைப்பது. பக்கத்து வீட்டுக் கடன் என்பது எவ்வளவு பெரிய காப்பு என்பது, அது கிடைக்காத வீட்டில்தான் தெரிகிறது.

வள்ளுவரும் ஈகை அதிகாரத்தின் முதல் குறளில் (221) இந்தச் சொல்லைக் கையாள்கிறார். இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றவை எல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மை உடையவை என்கிறார். இதைக் கண்டனமாகப் படிக்க வேண்டியதில்லை. தானம் ஒரு கணக்கு, கைமாற்று வேறு கணக்கு, இரண்டையும் போட்டுக் குழப்பாதீங்க என்கிறார். திருப்பித் தருவோம் என்ற நினைப்போடு வாங்கினால் தலை குனிய வேண்டியதில்லை என்றும் அதைப் படிக்கலாம்.

சரி, திருப்பிக் கேட்பது எப்படி நடந்தது? ‘குறி’ என்ற பாதியில்தான் அதற்குப் பதில் இருக்கிறது.

அளவுதான் இங்கே சாட்சி. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால். ஆழாக்கு போன்ற சிறிய அளவுகள் தினசரி வீட்டு அளவுகள். எந்தப் படியால் வாங்கினோமோ அதே படியால் திரும்ப வேண்டும். கோபுரமாக அளந்து தந்தால் கோபுரமாக, தலைதட்டித் தந்தால் தலைதட்டி. 1956-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு கிலோவும் லிட்டரும் வந்து படியைக் கடையிலிருந்து துரத்தினாலும், வீட்டுக்கு வீடு நடக்கிற கொடுக்கல் வாங்கலில் இன்றைக்கும் டம்ளரும் கரண்டியும்தான் ஆட்சி செய்கின்றன.

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. வெளியூர்க்காரர்களுக்கு அங்கே 1967-இல் தொடங்கிய சின்ன வன உயிரினப் பூங்காதான் தெரியும். மலைமேல் சாமை விளைகிற ஊர்கள், கீழே வேலூர், ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலையும் ஷூ கம்பெனியும். ஒரு பக்கம் அறுவடைக்கு அறுவடை வரும்படி, இன்னொரு பக்கம் மாசச் சம்பளம். அந்தப் பக்கம் ஒரு பாட்டியிடம், கொடுத்ததை எப்படிக் கேட்பீங்க என்று விசாரித்தேன். “கேக்கறது இன்னாத்துக்கு? எங்க ஊட்டு உழக்கு அவ ஊட்டுலதான் கீது. அத்த வாங்கியாடின்னு பொண்ண அனுப்புவேன். வெறும் உழக்கயா குடுத்து அனுப்புவா?” என்றார்.

ஆயிரம் வார்த்தை பேச வேண்டியதை ஒரு காலிப் பாத்திரம் செய்துவிடுகிறது! பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்ற வழக்கம் தமிழ்நாடு முழுக்க உண்டு. விளக்கு வைத்த பிறகு உப்பு, மோர், ஊசி கொடுக்க மாட்டோம் என்பதும் அப்படித்தான். லட்சுமி போய்விடுவாள் என்று காரணம் சொல்வார்கள். ஆனால் முகம் முறியாமல் ‘இல்லை’ சொல்வதற்கும் அது ஒரு நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே வேலையைப் பெரிய அளவில் செய்வது மொய் நோட்டு. யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதி வைத்துவிட்டால், திருப்பிக் கேட்க வேண்டியது நாம் இல்லை, நம் வீட்டுப் பத்திரிகை. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் இது கல்யாணத்தையே விட்டு விலகி, ஆடி, ஆவணியில் தனி மொய்விருந்தாக வளர்ந்துவிட்டது. சில வருஷங்களுக்கு ஒரு தடவை முறை வரும். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள், வாங்கியதற்கு மேல் கூட்டிச் செய்வார்கள். வட்டியில்லாத மூலதனம்தான். ஆனால் வருமானம் நின்றாலும் எதிர்மொய் நிற்காது. 2018 நவம்பரில் கஜா புயல் அங்கே தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, நோட்டில் இருந்த பாக்கிகள் சாயவில்லை.

இதற்கு எதிர்முனையில் இருப்பது கல்வெட்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் கடன் வாங்கிய கணக்கு இருக்கிறது. காசுக்கு வருஷம் அரைக்கால் காசு பொலிசை, அதாவது 12.5 சதவீத வட்டி. ஒரு சபை வட்டிக்கு ஈடாக என்ன தர வேண்டும் என்பதுகூடக் கல்லில் இருக்கிறது. இங்கே யாருக்கும் கேட்கக் கூச்சம் இல்லை, கல்லே கேட்கும். வட்டி வந்ததும் கூச்சம் போய்விடுகிறது, கூடவே அக்கம்பக்கமும்.

மானிடவியலாளர் லாரா பொஹானன் நைஜீரியாவின் திவ் மக்களிடையே பார்த்ததை டேவிட் கிரேபர் தன் ‘கடன்’ நூலில் (2011) எடுத்துச் சொல்கிறார். அங்கே பக்கத்து வீட்டார் தந்த முட்டைக்கு ஈடாகக் கொஞ்சம் கூடவோ குறையவோ திருப்பலாம். சரிசமமாகத் திருப்பினால், இனி உன் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். நம் குறியெதிர்ப்பையோ சரிசமம்தான் மரியாதை என்கிறது. முரண் மாதிரி தெரியும். ஆனால் பாத்திரத்தோடு வருகிற ஒரு பிடி முருங்கைக்கீரையைச் சேர்த்துப் பாருங்கள். அளவு கடனைத் தீர்க்கிறது, கீரை உறவைப் பாக்கி வைக்கிறது.

இதெல்லாம் இரண்டு வீடும் சமமாக இருக்கும்வரைதான் நடக்கும். இந்த வருஷம் நீ, அடுத்த வருஷம் நான் என்பது போய், ஒருவரே எப்போதும் கொடுக்கிறவராக இருந்தால் அதே உதவி கயிறாக மாறும். இதே வேலூர், குடியாத்தம் வட்டாரத்தில் பீடி சுற்றும் வீடுகளுக்கு அவசரத்துக்குத் தந்த சின்ன முன்பணத்துக்குப் பிள்ளைகளை வேலைக்கு விட்ட காலம் ஒன்று இருந்தது. 1976-இலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தாயிற்று. ஆனால் 20 வருஷம் கழித்து, 1996-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியக் குழந்தைக் கொத்தடிமைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையிலும் தமிழ்நாட்டுப் பீடித் தொழில் இருந்தது. அங்கே கடன் கொடுத்தவர் திருப்பிக் கேட்கவே இல்லை. திரும்பி வராமல் இருப்பதுதான் அவருக்கு லாபம்.

ஆக, திருப்பிக் கேட்பது கெட்ட குணம் இல்லை. கேட்காமலே இருப்பது பெருந்தன்மைதான் என்றும் சொல்ல முடியாது. கணக்கை முடித்து, ‘நீயும் நானும் சமம்’ என்று எதிர் வீட்டுக்குச் சொல்கிற வாய்ப்பு அதில் இருக்கிறது.

இப்போது ஊரில் உழக்கு இல்லை, போன் இருக்கிறது. 2016-இல் வந்த யுபிஐ செயலிகளில் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்ப ஒரு பொத்தான் இருந்தது. வாய் திறக்காமல் கேட்க இதைவிட வசதி ஏது? ஆனால் முகம் தெரியாத மோசடிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தனிநபருக்குத் தனிநபர் அப்படிக் கேட்கும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. அந்தப் பொத்தான் யார் கையிலிருந்தும் யாரிடமும் கேட்கும். காலி உழக்கு, அதைத் தந்த வீட்டுக்கு மட்டும்தான் திரும்பிப் போகும்.

உங்க ஊரில் கொடுத்ததை எப்படிக் கேட்பாங்க? அதற்கென்று தனிச் சொல், ஜாடை, பழக்கம் ஏதாவது இருந்தால் எழுதுங்க, சேர்த்து வைக்கிறேன்.