பௌத்த வணிக அறம்: நயினாதீவுச் சான்றுகள்

பௌத்த வணிக அறம் என்பது, எண்வகை நெறிகளுள் ஒன்றான சம்மா ஆஜீவத்தை, அதாவது பிறர்க்குத் தீங்கின்றிப் பிழைப்புத் தேடுவதை, அடிப்படையாகக் கொண்ட தொழில் ஒழுக்கமாகும். தொழில்முனைவு பயிலும் பல்கலைக்கழக மாணவருக்கு இதை விளக்க உதவும் தமிழ்ச் சான்றுகள் யாழ்ப்பாணத் தீவகத்தில், சிறப்பாக நயினாதீவைச் சார்ந்து, கிடைக்கின்றன.

நூல் அடிப்படை
படைக்கலம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் இல்லறத்தார் விற்கலாகாது என்கிறது அங்குத்தர நிகாயம். உயிர் வணிகம் என்பதற்கு மனிதரை விற்றல் என உரையாசிரியர் பொருள் கொண்டார். தீக நிகாயத்தின் சிகாலோவாத சூத்திரம் வருவாயை நான்காகப் பகுத்து, ஒரு பங்கைத் துய்க்கவும், இரு பங்கைத் தொழிலில் இடவும், எஞ்சியதை இடர்க்காலத்துக்குச் சேமிக்கவும் சொல்கிறது.

இலக்கிய மரபு
மணி பதித்த அரியணைக்காகப் போருக்கு எழுந்த நாக அரசர்களான மகோதரனையும் அவன் மருகன் சூளோதரனையும் புத்தர் நாகதீபத்தில் இணக்கினார் என்கிறது மகாவம்சம். நயினாதீவின் நாகதீப விகாரை இந்நிகழ்வோடு தொடர்புபடுத்தப்படுகிறது. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவமும் இத்தீவே என்பர் அறிஞர் பலர். அக்காப்பியத்தின்படி, கப்பலேறியோர் அங்கே தன்னைத் தனியே விட்டுச் செல்ல, பலர் பசி தீர்த்த அமுதசுரபி என்னும் உணவுப் பாத்திரத்தைத் தனக்கு மட்டும் பயன்படுத்த மனமின்றி, ஆபுத்திரன் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர்நீத்தான். பின்னர் அது வணிகர் குடிக் கோவலனின் மகள் மணிமேகலையின் கைக்கு வந்தது.

கல்வெட்டு
முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ளது. ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைக் காக்க வேண்டும் என்று அது ஆணையிடுகிறது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. பிற சரக்கு ஏற்றிய மரக்கலமாயின் இருவருக்கும் சரிபாதி.

கல்விப் பயன்
நூல்கள் தனிமனிதரின் ஒழுக்கத்தைப் பேச, கல்வெட்டு அரசின் கடமையையும் ஆதாயத்தையும் ஒருங்கே காட்டுகிறது. இழப்பில் நலிந்த வணிகரிடம் பாதியை எடுப்பது நீதியா, படைக்கு வேண்டிய யானை, குதிரைக்கு மட்டும் சலுகை தகுமா என்பவை வகுப்பில் விவாதிக்கத்தக்கவை. முன்கூட்டியே கல்லில் பொறித்து அறிவித்த விதி, எதை இழப்போம், எது மிஞ்சும் என்பதை வணிகருக்குத் தெளிவாக்கியது. அறத்தை அறிவுரையளவில் நிறுத்தாமல் ஒப்பந்தத்திலும் பங்கு விகிதத்திலும் எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு இக்கல்வெட்டே தீவகத்தின் வலுவான சான்று.