முதல் பார்வை: ஒடுகத்தூர் ஆடும் டூசல்டார்ஃப் யாட்டும்

வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. ஜெர்மனியின் டூசல்டார்ஃபில் 1969 முதல் நடந்துவரும் படகுக் கண்காட்சி. ஜனவரிக் குளிரில் புதிய சொகுசு மோட்டார் யாட்டுகள் அங்கே கூரைக்கடியில், தரைமேல் நிற்கும். விலையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆயினும் வாங்க வந்தவரின் கண் முதலில் எங்கே போகிறது என்று பார்த்தால், இரண்டும் பக்கத்து ஊர்களாகிவிடுகின்றன.

ஆட்டுக்காரர் காட்டுவது கொம்பையும் மயிரின் மினுமினுப்பையும். பிரின்சஸ், அசிமுத் போன்ற நிறுவனங்கள் காட்டுவது அகன்ற ஜன்னல் வைத்த கூடத்தையும் தோல் இருக்கைகளையும். விவரம் தெரிந்தவர் இரண்டு இடத்திலும் வேறு பக்கம் திரும்புகிறார். சந்தையில் அவர் கை முதுகுத்தண்டை அழுத்தும், இடுப்புச் சதையைப் பிடிக்கும். பிறகு உதட்டை விலக்கிப் பல் பார்க்கும். கண்காட்சியில் அவர் இஞ்சின் அறைக்குள் இறங்குவார். வடிகட்டியைக் கழற்றக் கை நுழையுமா, ஒயர்கள் ஒழுங்காகக் கட்டப்பட்டுள்ளனவா என்று பார்ப்பார்.

அளவிலும் ஓர் ஒற்றுமை, தலைகீழாக. உப்பும் தண்ணீரும் கொடுத்து வயிற்றைப் புடைக்கவைப்பது சந்தைகள் அறிந்த பழைய தந்திரம். தராசில்லாமல் உருப்படிக் கணக்கில் மதிப்பிடும்போது அது பலிக்கும். யாட்டு உலகிலோ சட்டத்துக்கு உட்பட்டே அளவைக் குறுக்குகிறார்கள். ஐரோப்பாவின் உல்லாசப் படகு விதிகள் 24 மீட்டர் வரையிலான உடல் நீளத்துக்கே பொருந்தும். அதைத் தாண்டினால் வேறு விதிகள், கூடுதல் செலவு. பின்புறம் கழற்றக்கூடிய குளியல் மேடை அந்தக் கணக்கில் சேராது. ஆகவே மொத்த நீளம் அதைவிடக் கூடுதலான யாட்டும் 24 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆடு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிய வேண்டும். யாட்டு, ஏட்டில் மட்டும், சிறிதாக இருக்க வேண்டும்.

விலை இரண்டு இடத்திலும் மறைபொருள். நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் வழக்கம் உண்டு; பெரிய யாட்டுகளின் விலை பெரும்பாலும் பலகையில் இராது, கேட்பவருக்குத் தனியே சொல்லப்படும்.

என்னை மிகவும் ஈர்ப்பது தோல் பற்றிய உறவு. முள் கீறிய தடமும் உண்ணி கடித்த தழும்பும் ஆட்டு மயிருக்குள் ஒளிந்திருக்கும். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பதனிடும்போது, சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய பிறகே அவை முழுதாக வெளிப்படும். சந்தையில் கூர்ந்த கண்ணுக்கும் அவை தப்பிவிடும். யாட்டின் உடலும் அப்படியே. கண்ணாடியிழை அடுக்குகள் சரியாக ஒட்டாத இடம் பளபளக்கும் ஜெல்கோட் பூச்சுக்குப் பின்னால் தெரியாது. படகைச் சோதிக்கும் சர்வேயர் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி, ஒலி மங்கும் இடத்தைக் காதால் பிடிக்கிறார்.

வேறுபாடுகளும் கனமானவை. ஆட்டை நாலு எட்டு நடத்தினால் நொண்டல் தெரிந்துவிடும்; பக்ரீத்துக்கு வாங்குபவருக்கு நொண்டலும் குருடும் ஆகாது என்பதால் இந்தச் சோதனை முக்கியம். டூசல்டார்ஃபில் யாட்டு அசையாது. ஓட்டிப் பார்ப்பது பிறகுதான். ஆனால் செப்டம்பரில் பிரான்சின் கான் துறைமுகக் கண்காட்சியின் தண்ணீரில் மறைந்திருக்கும் அடிப்பாகம் இங்கே முழுதாகக் கண்முன் நிற்கிறது: உந்திகள், சுக்கான், ஆட்டத்தைக் குறைக்கும் பக்கத் துடுப்புகள்.

இன்னொன்று, வாங்குபவருக்கு மிகவும் முக்கியமானது. ஒடுகத்தூரில் தொட்டுப் பார்த்த ஆடே கயிற்றோடு வீட்டுக்கு வருகிறது. புது மாடல் யாட்டுக்கு முன்பணம் கொடுப்பவர் பெரும்பாலும் இன்னும் வார்க்கப்படாத வேறொரு உடலுக்குக் கையெழுத்திடுகிறார்; கண்காட்சியில் அவர் தடவிப் பார்த்தது அதன் மூத்த உடன்பிறப்பை. தனக்குரியதை அவர் முதன்முதலாகப் பார்ப்பது மாதங்கள் கழித்து, கட்டும் தளத்தில். சர்வேயரின் சுத்தியலுக்கு அப்போதுதான் வேலை.