அங்கீகாரமும் தூதுறவும்

ஓர் அரசாங்கத்தை அங்கீகரிப்பதென்றால் அதன் கொள்கையை ஏற்பதென்று பலர் கருதுகின்றனர். புகைவண்டி இலாகாவில் ஊழியம் புரியும் நமக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் நமக்குப் பிரியமுண்டோ இல்லையோ, அவரிடம் லைன் கிளியர் பெறாது வண்டியை விடலாகாது. சீன தேசத்துச் சரித்திரம் இதற்கு நல்லதோர் உதாரணம்.

உள்நாட்டு யுத்தத்தில் வென்ற கம்யூனிஸ்டுகள் 1949 அக்டோபர் 1-ஆம் தேதி பீகிங்கில் மக்கள் குடியரசைப் பிரகடனம் செய்தனர். தோற்ற சியாங் கை-ஷேக்கின் அரசாங்கம் ஃபார்மோஸாத் தீவுக்குப் பெயர்ந்தது. இவ்விரண்டில் எதனோடு உறவு கொள்வதென உலக நாடுகள் திகைத்தன.

அங்கீகாரமின்மையின் துன்பத்தை முக்டென் நகரம் முன்னரே கண்டிருந்தது. 1948 நவம்பரில் அந்நகரைக் கைப்பற்றிய கம்யூனிஸ்டுகள், அமெரிக்கக் கான்சல் ஜெனரல் ஆங்கஸ் வார்டின் பதவியை ஒப்பவில்லை. அவரும் சிப்பந்திகளும் ஏறத்தாழ ஓராண்டு தம் வளாகத்திலேயே அடைபட்டுக் கிடந்தனர். பின்னர் வார்டு கைதாகி, விசாரணைக்குட்பட்டு, 1949 டிசம்பரில் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். 1950 ஜனவரியில் அமெரிக்கா தன் அதிகாரிகள் அனைவரையும் திருப்பி அழைக்க முடிவு செய்தது.

பாரதம் வேறு வழி சென்றது. 1949 டிசம்பர் 30-ஆம் தேதி புதிய அரசாங்கத்தை அங்கீகரித்தது. 1950 ஏப்ரல் 1-ஆம் தேதி தூதுறவு ஏற்பட்டது. சர்தார் கே. எம். பணிக்கர் பீகிங்கில் நம் ஸ்தானிகராக அமர்ந்தார்.

அவ்வாண்டே கொரியாவில் போர் மூண்டது. அக்டோபர் 2-ஆம் தேதி நள்ளிரவில் பிரதமர் சூ என்-லாய் பணிக்கரை அழைப்பித்தார். அமெரிக்கப் படைகள் 38-ஆம் அட்சரேகையைக் கடந்தால் சீனம் வாளாவிராது என்றார். வாஷிங்டனுக்கு நேரே சொல்ல வழியின்றி, நம் தூதர் வழியே சென்றது அச்செய்தி. அங்கே அதை நம்பவில்லை. அம்மாதமே சீனப் படைகள் யாலு நதியைக் கடந்தன. 1953 ஜூலை வரை போர் நீடித்தது. நேரே கேட்டிருந்தால் நம்பியிருப்பர் என்று அறுதியிட்டுரைக்க இயலாது. ஆயினும் எதிரெதிர் அமர்ந்து ஐயம் தெளிந்து கொள்ளவேனும் இடமிருந்திருக்கும். அமெரிக்காவும் பீகிங்கும் முழுத் தூதுறவு கொள்ள 1979 ஜனவரி 1 வரை காத்திருக்க நேர்ந்தது.

நாமும் 1962-இல் சீனத்தோடு போரிட்டோம். கான்சல் அலுவலகங்கள் மூடப்பட்டன, தூதரகங்கள் மூடப்படவில்லை. அதனாலன்றோ 1976-இல் மீண்டும் ஸ்தானிகர்களை அனுப்புவது எளிதாயிற்று!

சொந்த ஊர் விட்டு வந்து, பல மொழியினரோடு ஒரே காலனியில் வாழும் நாம் இதனை நன்குணர்வோம். அண்டை வீட்டாரோடு பிணக்கு நேரலாம். பேச்சு மட்டும் அறுபடலாகாது.